சைலன்சருக்கு வந்த சத்தம்

கார்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. உடம்பு சரியில்லை என்றால் வாயால் சொல்லாது, வாலால் சொல்லும். அதையும் விளக்கமாகச் சொல்லித் தொலைக்காது. 'புர்ர்ர்' என்னும். 'கிணிகிணி' என்னும். காலையெல்லாம் ஊரைக் கூட்டிவிட்டு, மெக்கானிக் முகத்தைப் பார்த்ததும் பரம சாதுவாக நிற்கும். டாக்டர் ரூமுக்குள் நுழைந்ததும் ஜுரம் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி.

என்னிடம் இருப்பது பதினோரு வயதான செகண்ட் ஹாண்ட் சின்ன கார். கம்பெனி பெயர் வேண்டாம். என் மாமனாரிடமும் அதே கம்பெனி கார்தான். அவர் இந்தப் பத்திரிகையை அட்டை டு அட்டை படிப்பவர். என் காரில் இரண்டு சைலன்சர். உடனே பந்தயக் கார் மாதிரி பின்னால் இரட்டைக் குழாய், நடுவில் நான் கறுப்புக் கண்ணாடி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். நடு வயிற்றில் ஒன்று, வால் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே குழாயில் கோத்தவை. வெளியே எட்டிப் பார்ப்பது ஒரே ஓட்டைதான். நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. குனிந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

எதற்கு இரண்டு? சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுப்பு, ஓட்டை போட்ட குழாய்கள் எல்லாம் இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் சத்த அலை சுவரில் மோதித் திரும்பி, எதிரே வருகிற அலையோடு முட்டிக்கொண்டு இரண்டும் அடங்கிப் போகும். நான் பி.காம். எனக்கு இதை எங்கள் பாஷையில் சொன்னால்தான் புரியும்: பற்றும் வரவும் நேராகி பாக்கி பூஜ்யம். ஆனால் எல்லா ஸ்வரத்தையும் ஒரே டப்பாவால் அடக்க முடியாது. சிலதை நடு டப்பா விழுங்கும், மிச்சத்தை வால் டப்பா கவனித்துக்கொள்ளும். 1897-லேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் இந்த மாதிரி ஒரு சாதனத்துக்கு பேடன்ட் வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படைச் சங்கதி அதேதான்.

என் கார் போட்ட சத்தம் இரண்டு தினுசு. சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. போட்டால் 'கிணிகிணி' என்று உண்டியலில் சில்லறை குலுக்கும். இது ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்ததுமே 'புர்ர்ர்' என்று ஆரம்பித்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கனத்துக்கொண்டே போகும். இது இன்னொன்று.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். ஏ.சி. அறை, காபி மெஷின், கழுத்தில் அட்டை தொங்கும் இளைஞர். காரைப் பின்னால் எடுத்துப் போய் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். கம்ப்யூட்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது. முன் சைலன்சர், பின் சைலன்சர், கேஸ்கட்டுகள், கூலி, வரி... மொத்தம் 27,400 ரூபாய்.

"சத்தம் எந்த சைலன்சர்ல வருது?" என்றேன்.

"ரெண்டையும் மாத்திட்டோம்னா எதுல இருந்தாலும் போயிடும் சார்!"

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. தலைவலிக்காரனுக்குத் தலையையே மாற்றிவிட்டால் வலி போய்விடும்தானே! யோசித்துச் சொல்கிறேன் என்று காபியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்தவர் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடி மெக்கானிக். பேனட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பிடிக்கும் வைத்தியர் தோற்றார். "டேப்பட் சத்தம் சார். சனிக்கிழமை விட்டுட்டுப் போங்க."

மூன்றாமவர் சின்னப் பையன். காதில் கடுக்கன். அவனுக்கு என் பிரச்னையே சந்தோஷமாக இருந்தது. "அண்ணே, பின்னாடி டப்பாவைக் கழட்டிக் கடாசிட்டு நேர் பைப் போட்டுடறேன். சும்மா கர்ஜிக்கும்!" மூணு வயதுக் குழந்தைகளும் முதியோர்களும் நிறைந்த எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு நான் கர்ஜித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். தவிர, சத்தம், புகை விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் போடலாம். கர்ஜனைக்கு அது கொஞ்சம் அதிக ரேட்.

கணக்கு டேலி ஆகாதபோது வித்தியாசத் தொகையைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றில் போட்டு வைப்போம். புர்ர்ர் சத்தமும் அங்கே போய் உட்கார்ந்தது.

இதற்கிடையில் வீட்டில் வேறு ஒரு சஸ்பென்ஸ். இரண்டாவது படிக்கும் என் மகளுக்குக் காலையில் தலைவலி. தினமும் இல்லை, வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் எட்டரை மணி டிராபிக்கில் அது முப்பது நிமிடம். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது "தலை வலிக்குதுப்பா, வாந்தி வர மாதிரி இருக்கு" என்பாள். முதல் பீரியட் முடிவதற்குள் சரியாகிவிடுவாள். கண் டாக்டர் பார்த்து, கண் பிரமாதம் என்றார். குழந்தைகள் டாக்டர் காலையில் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். என் அம்மா வழக்கம்போல் மிளகாய் சுற்றிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தலைவலி வருவதே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மாமி, "ஸ்கூல் ஜுரம்டா கண்ணா, எங்காத்துலயும் ஒண்ணு இருந்தது" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

சத்தத்தைப் பிடித்தது என் அப்பா. அதில்தான் வேடிக்கை. அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷம் பவர் பிரஸ் ஓட்டியவர். இரைச்சலால் வரும் செவிட்டுத்தனம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் கை வைக்கும். பறவைக் குரல், குக்கர் விசில், 'ஸ்', 'ச்' எல்லாம் மெல்ல மெல்ல விடைபெறும். கனமான, அடித்தொண்டைச் சத்தங்கள் கடைசிவரை மிச்சமிருக்கும். அப்பாவிடம் அம்மா கேட்கிற கேள்விகள் விழாமல் போவதும், லாரி உறுமுவது மட்டும் விழுவதும் இதனால்தான். (அம்மா இதை இன்னும் நம்பவில்லை.)

ஒரு சனிக்கிழமை காலை காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டேப்பட் விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டி சும்மா நிக்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துது?"

மீட்டரைப் பார்த்தேன். "தொள்ளாயிரம்."

"நாலு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை புகையை வெளியே தள்ளும். கணக்குப் படிச்சவன்தானே, போடு!"

போட்டேன். ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 450 தடவை. வினாடிக்கு ஏழரை. நான்கும் சேர்ந்தால் வினாடிக்கு முப்பது.

"டேப்பட் ஒண்ணு லூசா இருந்தாலும், இல்லே எஞ்சின் பக்கத்துல மேனிஃபோல்ட் கேஸ்கட் ஒரு சிலிண்டர்ல மட்டும் போயிருந்தாலும், டிக் டிக்னு தனித் தனியா விழும். வினாடிக்கு ஏழு, எட்டு. கடிகாரக் கடை மாதிரி. காதால பிரிச்சுடலாம். நாலு குழாயும் ஒண்ணாச் சேர்ந்த பிறகு ஓட்டை விழுந்தா முப்பதும் கலந்து வரும். அதைப் பிரிக்க முடியாது. புர்ர்ருனுதான் இருக்கும்."

வேப்பமரத்தடி தீர்ப்பு அந்த இடத்திலேயே தள்ளுபடி. ஒரு பென்சில் செலவில்லாமல் எஞ்சின் தப்பித்தது! கேஸ்கட் சத்தத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது டிக் டிக் என்று அடித்து, சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைபட்டு அடங்கிவிடும். நமது புர்ர்ர் அடங்கவில்லை. மைலேஜும் குறையவில்லை. முன்பக்கம், ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரைக் குழப்பும்; அது பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றச் சொல்லும். நம் பெட்ரோல் பில் பழைய பில்தான். ஆகவே குற்றவாளி பின்பக்கம்.

அப்பா பழைய சிநேகிதரின் பட்டறையிலிருந்து கனத்த இரும்பு ஸ்டாண்டுகள் கொண்டுவந்தார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போவது, எமனுக்கு நாமே ஆட்டோ பிடித்து அனுப்புகிற காரியம். தெருவில், திறந்த வெளியில், எஞ்சின் ஆறின பிறகு வேலை ஆரம்பம்.

முதலில் கிணிகிணி. ரப்பர் சுத்தியால் நடு சைலன்சரைத் தட்டினார். 'டொம்' என்று நல்ல தேங்காய் மாதிரி சொன்னது. உள்ளே தடுப்பு உடைந்திருந்தால் புளியங்கொட்டை டப்பா மாதிரி உருளும். இல்லை. அதன் மேல் சூடு தடுக்கப் போட்டிருக்கும் தகடைத் தட்டினார். 'கிணிகிணி!' போல்ட்டின் தலை துருவில் தின்னப்பட்டுத் தகடு ஆடிக்கொண்டிருந்தது. பெரிய ஓஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினோம். விலை 70 ரூபாய். 27,400-ல் ஒரு பாதி சத்தம் 70 ரூபாயில் செத்தது.

அடுத்து புர்ர்ர். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, அப்பா பின்பக்கம் வெளியே உட்கார்ந்தபடி கையை மட்டும் உள்ளே நீட்டினார். குழாய் சூடேற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பார்த்துவிட வேண்டும். தொடாமல், ஓர் அங்குலம் தள்ளி உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினார். நான் குனிந்து காது கொடுத்தேன். எனக்கு எல்லாப் பக்கமிருந்தும் கேட்டது. அப்பாவின் கை கடைசி சைலன்சருக்கு மேலே போய் நின்றது.

"இங்கேதான். உள்ளங்கையில அடிக்குது பாரு."

மேலே! மூன்று பேரும் கீழிருந்து பார்த்தார்கள். கீழே சைலன்சர் சுத்தமாக இருந்தது. ஓட்டை முதுகில்.

உறுதி செய்ய இன்னொரு சோதனை. எஞ்சினை நிறுத்தியாயிற்று. மனைவியின் வாக்குவம் கிளீனரில் காற்று ஊதும் பக்கத்தில் குழாயை மாட்டி, மறுமுனையை வால் பைப்பில் செருகித் துணி சுற்றினேன். ("என்னங்க, அது சோபாவுக்கு வாங்கினது!") அப்பா சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார். நான் மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பிடித்தேன். கண்ணாடியில் தெரிந்தது: குழாய் சைலன்சருக்குள் நுழைகிற இடத்தில், வெல்டிங் ஓரமாக, கட்டைவிரல் நீளப் பிளவு. அதிலிருந்து நுரை பொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே காரணமும் தொங்கியது. சைலன்சரைத் தாங்குகிற ரப்பர் வளையங்களில் ஒன்று அறுந்து போயிருந்தது. டப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஆடி ஆடி, பாரமெல்லாம் வெல்டிங் மேல் விழுந்து பிளந்துவிட்டது. தொண்ணூறு ரூபாய் ரப்பர்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

எங்கள் மாடி வீட்டுக்காரர், மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர், பேப்பர் படித்துக்கொண்டே கீழே வந்தார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிளவுக்கு நேர் மேலே, காரின் அடித்தகட்டில் ஒரு கரிக்கோலம். கரிக்கு நடுவில் ஒரு ரூபாய் அகல வட்டம். அது கரியல்ல, ஓட்டை. டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கினோம். ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளை. அதை மூடவேண்டிய ரப்பர் அடைப்பானைக் காணோம். எத்தனை வருஷமாகக் காணோமோ!

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "பாப்பாவுக்குக் காலையில தலைவலின்னு சொன்னீங்களே... பின் சீட்லதானே உக்காரும்?"

பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே சீட் முதுகு மட்டும்தான். சுவர் கிடையாது.

அவர் மாடிக்குப் போய், வேலையில் சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளும் கேஸ் மீட்டரைக் கொண்டுவந்தார். கார்பன் மோனாக்ஸைடை அளப்பது. நிறமில்லை, வாசனையில்லை, கண் எரிச்சல்கூடக் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிவாதக்காரன். முதலில் தலைவலி, குமட்டல், மயக்கம். வெளிக்காற்றில் இறங்கினால் மெல்லத் தெளியும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் பிடிக்கும். காரில் கேடலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அது நன்றாகச் சூடான பிறகுதான் வேலைக்கு வரும். புறப்பட்ட முதல் சில நிமிடங்கள் அது சும்மா ஒரு டப்பா. வயதான கன்வெர்ட்டர் சூடான பிறகும் அரை மனதாகத்தான் உழைக்கும்.

காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பின் சீட்டில், மகளின் தலை இருக்கும் உயரத்தில் மீட்டரைக் கட்டினோம். தெருவில் நின்றபடியே எஞ்சின், ஏ.சி. இரண்டும் ஓட, கதவுகளைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஏ.சி. உள்காற்றையே சுற்றி விடும் பொத்தானில் இருந்தது. கோடையில் எல்லோரும் வைப்பதுதான். மீட்டர் 4 என்றது. 9. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. 17. 26. என் மனைவி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஏழு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்து எத்தனை நாளாகிவிட்டது! 35-ஐத் தொட்டதும் மீட்டர் கீச் கீச் என்று அலறிச் சிவப்பு விளக்கைச் சிமிட்டியது.

அப்பாவுக்கு அந்தக் கீச் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கை விட்டு எஞ்சினை நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகள்தான், "தாத்தா, அந்த மீட்டர் எதுக்கு அழுதுச்சு?" என்றாள்.

இதில் இன்னொரு கூத்து, மூன்று மாதம் முன்புதான் காருக்குப் புகைச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அமோக பாஸ்! அவர்கள் குழாயைச் செருகி அளப்பது வாலில். முதுகில் கசிவது அவர்கள் கணக்கிலேயே வராது.

திங்கட்கிழமை மகள் ஆட்டோவில் பள்ளிக்குப் போனாள். தலைவலி இல்லை. நான் ஜி.பி. ரோடுக்குப் போனேன். கடைசி சைலன்சர் மட்டும் 3,900 ரூபாய். தாங்கும் ரப்பர் இரண்டு, ஒன்று அறுந்தால் ஜோடியாக மாற்றுவது நல்லது என்பதால், 180. ஸ்டெப்னிப் பள்ளத்து அடைப்பான் 35. மாட்டிக் கொடுத்த கூலி 600. ஏற்கெனவே போட்ட கிளிப் 70. ஆக 4,785. நடு சைலன்சர் அப்படியே இருக்கிறது, இன்னும் 'டொம்' என்றுதான் சொல்கிறது. மாட்டியவர் வேப்பமரத்தடி மெக்கானிக்கேதான். பிளவைக் காட்டியதும், "நான் அப்பவே சந்தேகப்பட்டேன் சார்" என்றார். பெரிய மனது பண்ணி ஆமோதித்தேன்.

மாட்டி முடித்ததும் ஈரத் துணியை மடித்து வால் பைப்பை இரண்டு வினாடி அடைத்துப் பார்த்தார். முன்பானால் பிளவு வழியாக மூச்சு விட்டுக்கொண்டு எஞ்சின் சட்டை செய்யாமல் ஓடியிருக்கும். இப்போது திணறியது. திணறினால் நல்லது: வேறெங்கும் கசிவில்லை என்று அர்த்தம். பிறகு மாடி வீட்டுக்காரர் மறுபடி மீட்டரைக் கட்டினார். அரை மணி நேரம். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பள்ளிக்கூடம் வரை ஓட்டிப் போனபோது சிக்னலில் மட்டும் ஒரு தடவை 2 காட்டியது. கண்ணாடியை இறக்கியிருந்தேன், முன்னால் ஒரு பழைய ஆட்டோ நின்றது.

கழற்றிய சைலன்சரைத் தூக்கினால் உள்ளே களக் களக் என்றது. சாய்த்தால் அரை டம்ளர் அழுக்குத் தண்ணீர். பெட்ரோல் காரில் தண்ணீர் எப்படி? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நீண்ட பயணத்தில் ஆவியாகப் போய்விடும். மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்துகிற காரில், கடைசி டப்பா சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும். ஆவி அங்கேயே தண்ணீராகித் தங்கிவிடும். எஞ்சினுக்குத் தொலைவில் இருப்பதால் அதற்குத்தான் குளிர் அதிகம், துருவும் அதிகம். இரண்டு சைலன்சரில் முதலில் சாவது பெரும்பாலும் வாலில் இருப்பது இதனால்தான்.

மகள் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்றாள். அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஹாக்ஸா பிளேடால் ஒன்றரை மணி நேரம் அறுத்து, பலாப்பழம் மாதிரி பிளந்து வைத்தார். மூன்று அறை, இரண்டு தடுப்பு, வடைச்சட்டி அரிகரண்டி மாதிரி ஓட்டை போட்ட குழாய்கள். அவள் ஓட்டைகளை எண்ண ஆரம்பித்து 112-ல் சலித்துப்போய் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் இரண்டு பாதியையும் தராசில் போட்டு 120 ரூபாய் கொடுத்தார். அதைத் தனக்குத்தான் சேரவேண்டும் என்று மகள் வாங்கிக்கொண்டாள். தலைவலி பட்டது அவள்தானாம்.